அரசாணை வேண்டாம் என்ற பெயர்

1849 நவம்பர் 21 அன்று பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆளுநர் நர்சிசோ கிளாவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். தீவுகளில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இனி நிலையான ஒரு குடும்பப் பெயர் இருக்க வேண்டும். அது தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டும். நான்கு தலைமுறையாக ஒரே பெயரை வைத்திருப்பதாக நிரூபிக்கும் குடும்பங்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சலுகை சில பெயர்களுக்குக் கிடையாது என்று ஆணை சொன்னது. அப்படி ஒதுக்கப்பட்ட பெயர்களில் முதலில் குறிப்பிடப்பட்டது டெலா குரூஸ். அடுத்தது டெலோஸ் சான்டோஸ்.

இன்று பிலிப்பைன்ஸில் மிக அதிகமானோர் தாங்கியிருக்கும் குடும்பப் பெயர் எது தெரியுமா? டெலா குரூஸ்தான்.

ஒரு பேரரசு ஒழுங்குபடுத்த நினைத்த பெயர், ஒன்றே முக்கால் நூற்றாண்டு கழித்து அந்த நாட்டின் சாமானிய மனிதனுக்கே பெயராகி நிற்கிறது. பெயரில் சாதி இருக்கலாமா, பெயரிலிருந்து சாதியை எடுத்துவிட்டால் போதுமா என்று ஓயாமல் விவாதித்துக்கொண்டிருக்கும் நாம் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இது நம்முடைய கேள்விக்கு நேரடியான விடை தராது. கேள்வியைச் சரியாகக் கேட்க உதவும்.

பட்டியலிலிருந்து வந்த பெயர்கள்

ஸ்பானியர் 1565-இல் வந்து நிலைகொள்வதற்கு முன்பு அந்தத் தீவுகளின் மக்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். ஞானஸ்நானம் வந்தது, புனிதர்களின் பெயர்கள் வந்தன. அந்தப் பெயருக்குப் பின்னால் பக்திச் சொல் ஒன்றையும் மக்கள் சேர்த்துக்கொண்டார்கள். 'சிலுவையின்' என்று பொருள்படும் டெலா குரூஸ், 'புனிதர்களின்' என்று பொருள்படும் டெலோஸ் சான்டோஸ், 'ஜெபமாலையின்' என்று பொருள்படும் டெல் ரொசாரியோ ஆகியவை அப்படி வந்தவை. இவை குடும்பப் பெயர்களே இல்லை. அண்ணன் ஒரு பெயர், தம்பி ஒரு பெயர் என்று ஒரே வீட்டில் இருந்தது. வேண்டும்போது மாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

ஆளும் அரசுக்கு இதுதான் தலைவலி. ஒரே ஊரில் ஐம்பது ஹுவான் டெலா குரூஸ் இருந்தால் எவனிடம் வரி கேட்பது? எவனைக் கட்டாய வேலைக்குப் பிடிப்பது? அன்றைய பிலிப்பைன்ஸில் உள்ளூர் மக்கள் திறை கட்ட வேண்டும். அதோடு 16 வயது முதல் 60 வயது வரையிலான ஆண்கள் ஆண்டுக்கு 40 நாட்கள் சாலை போடவும் பாலம் கட்டவும் மரம் வெட்டவும் கட்டாய உழைப்புத் தர வேண்டும். பெயர் மாற்றிக்கொண்டு ஊர் மாறிப் போகிறவனைக் கணக்குப் புத்தகம் பிடிக்க முடியாது. கிளாவேரியாவின் ஆணை இதை மறைக்கவில்லை. நீதி, நிர்வாகம், நிதி, பொது ஒழுங்கு ஆகியவற்றில் ஏற்படும் குழப்பத்தையே காரணமாகச் சொன்னது.

அதற்காக அச்சிடப்பட்டதுதான் குடும்பப் பெயர்களின் அகரவரிசைப் பட்டியல். ஏறத்தாழ 60,000 பெயர்கள். ஸ்பானியக் குடும்பப் பெயர்கள், உள்ளூர் மொழிச் சொற்கள், செடிகொடிகள், கனிமங்கள், ஊர்கள் என்று கிடைத்ததையெல்லாம் திரட்டினார்கள். மாகாணத் தலைவர் ஒவ்வொரு பங்குக்கும் பட்டியலின் ஒரு பகுதியை அனுப்புவார். பங்குச் சாமியார், ஊர்த் தலைவர்கள் முன்னிலையில் குடும்பத்தின் மூத்தவர் தனக்கான பெயரைத் தேர்ந்தெடுப்பார். அல்லது அவருக்கு ஒன்று கொடுக்கப்படும். பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளின் புதிய பெயர்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிள்ளைகள் ஒருவரையொருவர் அந்தப் பெயரால்தான் அறிய வேண்டும். இதைச் செய்யாத ஆசிரியருக்குத் தண்டனை உண்டு.

விளைவு என்ன என்பதை அல்பாய் மாகாணத்தில் இன்றும் பார்க்கலாம். ஓவாஸ் என்ற ஊரில் பழைய குடும்பங்களின் பெயர்கள் பெரும்பாலும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். பக்கத்து ஊருக்குப் போனால் வேறு எழுத்து. ஏனென்றால் பட்டியலைக் கிழித்து ஊர் ஊராகக் கொடுத்ததுபோல, ஓர் ஊருக்கு ஓர் எழுத்து போய்ச் சேர்ந்தது. ஒருவரின் பெயரைக் கேட்டாலே எந்த ஊர் என்று சொல்லிவிட முடிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே கிளாவேரியா 1844 டிசம்பர் 31-ஆம் தேதியை நாட்காட்டியிலிருந்தே நீக்கியவர். டிசம்பர் 30-க்கு அடுத்த நாள் ஜனவரி 1. மெக்சிகோ வழியாக ஆளப்பட்டதால் ஆசியாவின் மற்ற பகுதிகளைவிட ஒரு நாள் பின்தங்கியிருந்த தேதியைச் சரிசெய்தார். மக்களின் நாளையும் பெயரையும் ஒரு கையெழுத்தில் மாற்றும் அதிகாரம் அது.

யார் பெயர் மாறவில்லை?

பெயரைப் பற்றிய எந்தக் கதையிலும் நான் முதலில் தேடுவது, அதைத் தொடாமல் விட்டது யாரை என்பதைத்தான். இங்கேயும் அது இருக்கிறது. 1571-இல் ஸ்பானியர் மணிலாவைப் பிடித்தபோது தொண்டோவை ஆண்டுகொண்டிருந்தவர் லகான்டுலா. அவருடைய வழித்தோன்றல்களுக்குத் திறையிலிருந்தும் கட்டாய உழைப்பிலிருந்தும் விலக்கு இருந்தது. அதனால் அந்தப் பெயரைப் புதிதாக யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். எல்லோருக்கும் புதுப் பெயர் கொடுத்த அரசு, சலுகையோடு ஒட்டிய பெயருக்கு மட்டும் வேலி போட்டது.

காரணம் எளிது. அந்தப் பெயர் ஒரு சொத்து. அதைப் பொதுவில் வைத்தால் வரிவிலக்கும் பொதுவாகிவிடும். சாமானியனின் பெயரை மாற்றினால் கருவூலத்துக்கு லாபம்; உயர்குடியின் பெயரைப் பகிர்ந்தால் நட்டம்.

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் 31-ஆவது சுலோகம் பார்ப்பனருக்கு மங்கலமான பெயர், சூத்திரருக்கு இழிவான பெயர் என்று விதித்ததை நாம் அறிவோம். கிளாவேரியாவின் பட்டியல் அப்படிப்பட்ட சாத்திரம் கிடையாது. பிறப்பின் புனிதத்தை அது நிறுவ வரவில்லை. வரிக்கணக்கை நேராக்க வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சோம்பேறித்தனம். ஆனால் இரண்டிலும் ஒரு பொது விதி இருக்கிறது. கீழே இருப்பவனுக்கு என்ன பெயர் என்பதை மேலே இருப்பவன் முடிவு செய்கிறான்.

சிலுவையின் பெயர், மூடிய கதவு

டெலா குரூஸ் என்ற பெயரைத் தாங்கியவர்களில் நாம் மறக்கக் கூடாதவர் அப்போலினாரியோ டெலா குரூஸ். மக்கள் அவரை ஹெர்மானோ பூலே என்று அழைத்தார்கள். ஹெர்மானோ என்றால் சகோதரர்; பூலே என்பது அப்போலினாரியோவின் செல்லச் சுருக்கம். நம்முடைய ஜோதிராவ் பூலேவின் பெயரோடு இது ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது அந்தத் தற்செயல் மனதில் நின்றுவிடுகிறது.

இன்றைய கேசோன் மாகாணத்தின் லுக்பான் ஊரில் பிறந்த இவர், துறவியாக வேண்டும் என்ற ஆசையோடு இளம் வயதில் மணிலாவுக்குப் போனார். துறவற சபையில் இடமில்லை. அவர் 'இந்தியோ', அதாவது அந்த மண்ணின் பூர்வகுடி. பைபிள் தெரியுமா, பக்தி உண்டா என்பதெல்லாம் பிறகு, இரத்தம் ஒத்துவரவில்லை. சான் ஹுவான் டி தியோஸ் மருத்துவமனையில் ஊழியம் செய்யும் எளிய சகோதரராக மட்டுமே அவரால் இருக்க முடிந்தது.

பெயரோ சிலுவையின் பெயர். அந்தச் சிலுவையைக் காட்டித்தான் அவருடைய முன்னோரை மதத்துக்குள் அழைத்தார்கள். உள்ளே வந்த பிறகு, பீடத்துக்குப் போகும் கதவு மட்டும் மூடியிருந்தது.

1832-இல் அவர் புனித சூசையப்பர் பெயரில் ஒரு சகோதரத்துவ சபையைத் தொடங்கினார். தாயாபாஸ், லகுனா, பத்தாங்காஸ் பகுதிகளின் உழவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பூலேவின் சம்மதம் இல்லாமல் ஸ்பானியரும் கலப்பினத்தவரும் அதில் சேர முடியாது. எங்களை உள்ளே விடாத சபைக்குப் பதில் எங்கள் சபை; உள்ளே யார் வரலாம் என்பதை நாங்கள் சொல்வோம். இதைத் திருச்சபையும் அரசும் பொறுக்கவில்லை. பக்திச் சபைக்கு அங்கீகாரம் மறுக்கப்பட்டது, உறுப்பினர்கள் வேட்டையாடப்பட்டார்கள். 1841 அக்டோபரில் மோதல் வெடித்தது. மாகாண ஆளுநர் கொல்லப்பட்டார். நவம்பர் தொடக்கத்தில் அலிதாவ் என்ற இடத்தில் படை வந்து சபையினரை நூற்றுக்கணக்கில் கொன்று குவித்தது. நவம்பர் 4 அன்று பூலே கொல்லப்பட்டார். உடலைத் துண்டாக்கித் தலையை மக்கள் பார்க்கும்படி கம்பத்தில் வைத்தார்கள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அதே 1841-இல் புனேயில் ஜோதிராவுக்கு 14 வயது. 1848-இல் அவர் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கிளாவேரியாவின் ஆணை வந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் கடவுளின் வாசலில் பிறப்பைக் கேட்கும் ஏற்பாட்டுக்கு எதிராக இரண்டு நாடுகளில் ஒரே காலத்தில் தனித்தனியாக எழுந்த குரல்கள் இவை. வரலாற்றாசிரியர் ரெய்னால்டோ இலேட்டோ 1979-இல் வெளியிட்ட தன் நூலில் இந்தச் சபையை விரிவாக எழுதினார். அதற்கு முன்பு பலரும் இதை மதவெறிக் கூட்டத்தின் கலகம் என்றே கடந்துபோனார்கள். அடித்தட்டு மக்கள் எழுந்தால் அதற்கு ஆட்சியாளர்கள் சூட்டும் பெயர் எங்கும் இதுபோலத்தான் இருக்கிறது.

ஹுவான் டெலா குரூஸ் யார்?

ஆணை எல்லா இடத்திலும் ஒரே கண்டிப்போடு நடக்கவில்லை. டெலா குரூஸ் பெயர் உயிர்பிழைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க ஆட்சிக்காலத்தில், ஸ்காட்லாந்தில் பிறந்த பத்திரிகையாளர் மெக்கல்லக் டிக் ஒன்றைக் கவனித்தார். காவல் நிலையப் பதிவுகளிலும் நீதிமன்றப் பட்டியல்களிலும் திரும்பத் திரும்ப வரும் பெயர் ஹுவான் டெலா குரூஸ். அவர் அதைச் சாமானிய பிலிப்பினோவைக் குறிக்கும் பெயராக எழுதத் தொடங்கினார். ஓவியர் ஹோர்ஹே பினேடா அதற்கு உருவம் கொடுத்தார். தலையில் சலகோட் தொப்பி, உடம்பில் உள்ளூர்ச் சட்டை, காலில் செருப்பு. இன்றும் அந்த நாட்டின் மாதிரிப் படிவங்களில், செய்தித்தாள் கேலிச்சித்திரங்களில், வரிச்சுமை பற்றிய தலையங்கங்களில் சாமானியனுக்கு அதுதான் பெயர்.

கவனியுங்கள். ஒரு நாட்டின் சாமானிய மனிதன் முதலில் தென்பட்டது குற்றப் பதிவேட்டில். ஏழை எங்கே எழுதப்படுகிறானோ அங்கேதான் அவன் பெயர் அதிகமாக இருக்கும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மக்கள் அந்தப் பெயரை அங்கேயே விட்டுவிடவில்லை. மேடைப் பாடகி கேட்டி டெலா குரூஸ் தெருவில் விற்கும் வாத்து முட்டையைப் பற்றிப் பாடி நாடு முழுக்கப் புகழ்பெற்றார். 1970-களில் சில இளைஞர்கள் தங்கள் ராக் இசைக்குழுவுக்கு ஹுவான் டெலா குரூஸ் என்றே பெயர் வைத்தார்கள். ராக் என்றால் ஆங்கிலம் என்றிருந்த காலத்தில் தங்கள் மொழியில் பாடினார்கள். கேலிப் பெயர் அவர்கள் கையில் கொடியாகியது.

ஆணை வேண்டாம் என்ற இன்னொரு பெயர் டெலோஸ் சான்டோஸ். மணிலாவின் பெருஞ்சாலைக்கு வரலாற்றறிஞர் எபிஃபானியோ டெலோஸ் சான்டோஸின் பெயர் வைக்கப்பட்டது. சுருக்கமாக எட்சா. 1986 பிப்ரவரியில் லட்சக்கணக்கான மக்கள் இந்தச் சாலையில் நின்றுதான் சர்வாதிகாரி மார்கோஸை விரட்டினார்கள். 2017 ஆகஸ்டில், காலோகன் நகரின் ஏழைக் குடியிருப்பில், கியான் டெலோஸ் சான்டோஸ் என்ற 17 வயதுப் பள்ளி மாணவனைப் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவன் எதிர்த்துச் சுட்டான் என்று காவல்துறை சொன்னது. கண்காணிப்புக் கேமராவும் சாட்சிகளும் வேறு கதை சொன்னார்கள். 2018 நவம்பரில் மூன்று காவலர்கள் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஆயிரக்கணக்கில் நடந்த கொலைகளில் காவலர்கள் தண்டனை பெற்ற முதல் வழக்கு அது.

பெயர் போனது, பரம்பரை போகவில்லை

இப்போது நம் கேள்விக்கு வருகிறேன். பிலிப்பைன்ஸில் பெரும்பாலானோரின் குடும்பப் பெயர் ஒரு பட்டியலிலிருந்து எடுத்தது. அது குலத்தைச் சொல்லாது, தொழிலைச் சொல்லாது. கார்சியா என்ற பெயர் உள்ளவருக்கு ஸ்பானிய இரத்தம் இருக்க வேண்டியதில்லை. நம் விவாதங்களில் சிலர் கனவு காணும் நிலை இது: எல்லோருடைய பெயரையும் ஒரே நாளில் கலைத்துப்போட்டால் எப்படி இருக்கும் என்று.

கலைத்துப்போட்டார்கள். ஏற்றத்தாழ்வு கலையவில்லை. தியோஸ்தாடோ மகபகால் அதிபர். பிறகு மகள் குளோரியா அதிபர். கொராசோன் அகினோ அதிபர். பிறகு மகன் அதிபர். 2022 தேர்தலில் விரட்டப்பட்ட மார்கோஸின் மகன் அதிபரானார். இன்னொரு முன்னாள் அதிபரான துதெர்தேவின் மகள் துணை அதிபரானார். 1987 அரசமைப்புச் சட்டம் அரசியல் வாரிசுக் குடும்பங்களைத் தடை செய்கிறது. ஆனால் எது வாரிசுக் குடும்பம் என்பதைச் சட்டம் வரையறுக்கும் என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்தது. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டிய நாடாளுமன்றத்தில் அதே குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. பல பத்தாண்டுகள் அப்படியே ஓடின. நிலமும் பதவியும் பழைய கைகளில் இருக்கும்போது, பட்டியலிலிருந்து எடுத்த பெயரே சில தலைமுறைகளில் புதிய பட்டமாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் நாம் வேறு வழியில் வந்தோம். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. இது மேலிருந்து வந்த ஆணை இல்லை. இயக்கம் எடுத்த முடிவு. அந்த வேறுபாடு பெரியது. என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரின் முதல் எழுத்து மட்டும் நிற்கிறது. வெளிநாட்டுக் கருத்தரங்குப் படிவங்களில் குடும்பப் பெயர் கேட்கும்போது அப்பாவின் பெயரையே எழுதுகிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அதே பெருமையைக் கேடயமாக்குகிறவர்களையும் பார்க்கிறேன். ஓர் ஆய்வுக் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர், தன் பெயரில் சாதி இல்லை, தன் பிள்ளைகளுக்குச் சாதியே தெரியாது என்று சொன்னார். தேநீர் இடைவேளையில் அவர் என்னிடம் கேட்டது: எந்த மாவட்டம், எந்த ஊர், ஊருக்குள்ளேயா, தள்ளியா? பெயர் மறைத்ததை முகவரி சொல்லிவிடும் என்று அவருக்குத் தெரியும். ஓவாஸ் ஊரின் ஆர் எழுத்தைப்போல, நமக்கு ஊரும் தெருவும் எழுத்தாக இருக்கின்றன.

சிலுவையின் பெயர் நம் கடற்கரையிலும் உண்டு. போர்த்துகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் வந்த குருஸ் என்ற பெயர் தூத்துக்குடிப் பக்கம் இன்றும் வாழ்கிறது. அதே சிலுவையை ஏற்ற தலித் கிறிஸ்தவர்களுக்கு இந்த மாநிலத்தில் இன்னும் பல ஊர்களில் தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புனிதரின் பெயர் வைத்த இருவர் செத்த பிறகும் ஒரே மண்ணில் படுக்க முடியவில்லை. ஹெர்மானோ பூலே முட்டிய கதவு மணிலாவில் மட்டும் இருக்கவில்லை.

ஆகவே பட்டத்தைத் துறப்பது வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பட்டம் போட்டுக்கொள்வது ஆதிக்கத்தின் அறிவிப்பு. அதை நிறுத்துவது அடிப்படை நாகரிகம். ஆனால் அதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. 2025 ஏப்ரலில், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்தபோது, பெயரில் சாதி இல்லாத நம் நண்பர்கள் சிலர் 'இது சாதியை வளர்க்கும்' என்று வருத்தப்பட்டார்கள். அரசின் பதிவேட்டைச் சந்தேகிப்பது சரிதான். கிளாவேரியாவின் பதிவேடு உழைப்பைப் பிடுங்க எழுதப்பட்டது. ஆனால் இந்தக் கணக்கை நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது பிடுங்கப்பட்டவர்கள். யார் எழுதச் சொல்கிறார்கள், எதற்காக எழுதச் சொல்கிறார்கள் என்பதில்தான் இரண்டு பதிவேடுகளும் வேறுபடுகின்றன.

பெயரில் சாதி இல்லை என்று பெருமைப்படும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வரும்போது 'எங்களுக்குச் சாதி கிடையாது' என்று திருப்பி அனுப்பாதீர்கள். பட்டத்தை விட்ட உங்கள் தாத்தாவிடம் எத்தனை ஏக்கர் இருந்தது, உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி எந்த ஆண்டு வந்தார், உங்கள் ஊர்க் கல்லறைக்கோ சுடுகாட்டுக்கோ எத்தனை வழிகள் இருக்கின்றன என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். லகான்டுலாவின் பெயருக்குப் போட்ட வேலி உங்கள் வீட்டைச் சுற்றியும் இருக்கிறதா என்பது அப்போது தெரியும். இருந்தால், முதலில் அதைப் பிரிப்போம்.